யூஃபோனியத்தின் பங்கு

துறைமுகத்தில் இறங்கிய கழிவுக் காகிதப் பொதி ஒன்று
கொருக்குப்பேட்டை கேட்டருகே லாரியிலேயே பிதுங்கியது.
தமீம் கடை வாசலில் அதைப் பிரித்துக் கொட்டியபோது
அந்நிய நாட்டுச் சோப்பு விளம்பரங்களுக்கும்
யார் வீட்டுக் கரண்ட் பில்லுக்கும் நடுவில்
ஐந்து கோடுகள்.

நாலு தாள். தராசில் வைத்தார், முள் அசையவில்லை.
"எடுத்துனு போ தேசப்பா. காத்துக்கு ஏது காசு."

அவர் மகன் போனைக் காட்டிப் படித்துச் சொன்னான்:
இரண்டு வயோலா.
ஒரு ஹார்மோனியம்.
தண்ணீர் ஊற்றிய ஒன்பது கண்ணாடிக் கோப்பை.
காகிதம் செருகாத தட்டச்சு இயந்திரம்.
ஒரு யூஃபோனியம்.

என் வாத்தியம்.
கல்யாணப் பத்திரிகையில் "மற்றும் குழுவினர்"
என்பதற்குள் குந்தியிருக்குமே, அது.

எழுதியவர் பெயரில் எழுத்துகளுக்கு மேலெல்லாம் புள்ளி.
தேடினோம். ஒரு பல் டாக்டர் வந்தார்,
சிரித்துக்கொண்டு.

மற்றவர்களின் தாள் அந்தப் பொதியில் இல்லை.
மூன்று நாள் கிளறினேன்.
சம்பளம் கேட்காத ஆள் என்று தமீம் டீ வாங்கித் தந்தார்.
கிடைத்தது யூஃபோனியத்தின் பங்கு மட்டும்.

பதினோரு நிமிஷத்தில் எனக்குப் பதினான்கு சுரம்.
மிச்சமெல்லாம் படுத்துக் கிடக்கும் தடித்த கோடு,
மேலே ஓர் எண்.
31. சும்மா இரு.
8. சும்மா இரு.
47.

இருபத்திரண்டு வருஷமாக எனக்குச் சும்மா தெரியாது.
ஊர்வலம் கல்மண்டபத்தில் திரும்பும்போதும்
மாப்பிள்ளையின் குதிரை மிரளும்போதும்
பும் பும் பும் பும்.
நிறுத்தினால் மாசிலாமணி மாஸ்டர் திரும்பிப் பார்ப்பார்,
ஜெனரேட்டர் நின்றுவிட்டதோ என்று.

ராத்திரி மொட்டை மாடியில் 31-ஐ எண்ண ஆரம்பித்தேன்.
பதினேழில் சரக்கு ரயில் வந்தது. அதன் தாளம் வேறு.
எண்ணூர் பக்கம் ஏதோ சங்கு ஊதியது. அதுவும் சேரவில்லை.
விட்ட இடத்தையெல்லாம் ஊரே நிரப்பும் என்று
ஒரு நப்பாசை இருந்தது எனக்கு.
கொசு மட்டும் சுருதியோடு வந்தது.

காய்ந்த துணி எடுக்க வந்த நவநீதம் கேட்டாள்:
"ஊதாம எதுக்கு அத்தக் கட்டிப் புடிச்சினு உக்காந்துகிற?"
"எண்ணிக்கினுகிறேன்."
"எத்த?"
சொல்வதற்குள் எண்ணிக்கை போனது.
மறுபடி ஒன்று.

அப்புறம்தான் பென்சிலைக் கவனித்தேன்.
யாரோ இதை ஊதியிருக்கிறார்.
47-க்கு மேலே சின்னதாய் ஒரு மூக்குக்கண்ணாடி:
கண்ணைத் திற, அசந்துவிடாதே என்று அர்த்தம்.
பெரம்பூர் சர்ச்சில் நோட்டு கற்றபோது
நானும் வரைந்திருக்கிறேன்.
ஓரத்தில் ஒரு கூட்டல் கணக்கு, 2.40, 2.40, 6.
பஸ் காசாக இருக்கலாம். விடை தப்பு.

ஏழாவது சுரத்துக்கு முன்னால் மூச்சு வாங்க ஒரு காற்புள்ளி.
அதை அழித்து, ஒரு சுரம் தள்ளிப் போட்டு,
அதையும் அழித்து,
பழைய இடத்திலேயே தாள் கிழிய அழுத்திப் போட்டிருக்கிறார்.

ஊதிப் பார்த்தேன்.
சரிதான். தள்ளிப்போட்டால் மூச்சு பத்தவில்லை.
அவர் ஊரிலும் ஒரு மணலி இருந்திருக்க வேண்டும்.

நேற்று தண்டையார்பேட்டையில் வரவேற்பு.
மூன்றாவது பாட்டின் நடுவில்
எட்டுக் கட்டம் சும்மா இருந்தேன்.
உதட்டில் வாத்தியம், கன்னத்தில் காற்று,
உள்ளே ஒன்று, இரண்டு, மூன்று,
எங்கோ ஒன்பது கோப்பையில் தண்ணீர் நடுங்க.
யாரும் கவனிக்கவில்லை என்றே நினைத்தேன்.
டிரம் அடிக்கும் கஜா மட்டும்
இருட்டில் ஒரு படியைத் தவறவிட்டவன்போல்
தடுமாறிக் குனிந்து தரையைப் பார்த்தான்.

பங்கு பிரிக்கையில் மாஸ்டர் என்னுடையதில் நூறு குறைத்தார்.
"ஊதாததுக்கெல்லாம் காசு கெடையாது."

எண்ணி வாங்கிக்கொண்டேன்.